ஆள் யார் உட்கார்ந்தாலும் வரும்

கள்ளிக்குப்பம் சுரேகாவிடம் வம்பு வைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சொந்த அத்தை சரசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுரேகா ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு சீமந்த வீட்டில், பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, "இந்தக் கலருக்கு எவன்டி வருவான்? எங்க அண்ணன் பாவம்" என்று சரசா வாயை விட்டுவிட்டாள். சுரேகா பாயசத்தை நிதானமாகக் குடித்து முடித்து எழுந்து போனாள். வருஷங்கள் கழித்து சரசாவின் மகளுக்குக் கல்யாணம் ஆனது. அந்த வீடியோ எடிட்டிங் சுரேகா கைக்கு வந்தது. பெண்ணைப் பெற்றவள் என்று பட்டுப்புடவையோடு நாள் முழுக்க மேடையில் நின்ற சரசா, அந்த வீடியோவில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறாள். பந்தியில் உட்கார்ந்து, கன்னம் உப்ப, முழு வடையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு. பின்னால் நாதஸ்வரம் வேறு.

"ஏன்டி இப்டி பண்ணே?" என்று சரசா வீட்டுக்கே வந்து மூக்கைச் சிந்தினாள்.

"மத்த எடத்துல எல்லாம் உங்க கலர் சரியா வர்ல அத்தே" என்றாள் சுரேகா.

வெட்டுகிற வேலையில் இருப்பவளைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அன்றைக்குச் சரசாவுக்கு விளங்கியது. சேக்காடு ஏகாம்பரத்துக்குத்தான் விளங்கவில்லை.

ஏகாம்பரத்தின் ஸ்டுடியோ ஆவடிப் பக்கம் பேர்போனது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் அவர் கார்டு ஒன்று மேனேஜர் மேஜையில் கிடக்கும். பி.காம். முடித்த கையோடு ஆல்பம் ஒட்டுவதற்காக அங்கே போய்ச் சேர்ந்தவள் சுரேகா. ஒரு நாள் எடிட்டர் லீவு போட, அவசரத்துக்கு இவளை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து இவள் எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருக்க அவர்கள் விடவும் இல்லை. மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிப் போடும் காட்சிகளைத்தான் இவள் முதலில் போய்க் கிளறுவாள். தாலி கட்டுகிற நேரத்தில் எல்லாக் கேமராவும் தாலியைப் பார்க்கும். இவள் அந்த நேரத்தில் வேறு யார் எங்கே நின்றார்கள் என்று தேடுவாள். வீட்டில் அம்மாவுக்கு ஒரே புலம்பல்: "ஊர் கல்யாணத்த எல்லாம் பாத்துகினு கீறாளே, இவ கல்யாணத்த நான் எப்போ பாக்கறது?" அப்போது இவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வாள்.

வீடியோக்காரர்கள் சங்கத்தில் ஒரு வருஷம் போட்டி வைத்தார்கள். ஏகாம்பரம் ஸ்டுடியோ அனுப்பிய கல்யாணப் படத்துக்கு முதல் பரிசு. அந்தப் படத்தில் மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் காட்சி மாறும்; மேடைக்குப் பின்னால் பெண்ணின் அப்பா தனியாக நின்று, மகள் கழற்றிப் போட்ட செருப்பைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். கேமராமேன் தவறுதலாக எடுத்து, அழிக்கச் சொன்ன துண்டு அது. அதை எடுத்து அந்த இடத்தில் வைத்தது சுரேகா.

மேடையில் ஏகாம்பரத்துக்குச் சால்வை போட்டார்கள். மைக் பிடித்தவர், "எடிட்டிங் யாருண்ணா?" என்று கேட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுரேகா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அன்றைக்கு ஏகாம்பரம் சொன்னது இதுதான்:

"எடிட்டிங்குக்கு இன்னா பெரிய ஆளு வேணும்? நம்மாண்ட மெஷின் கீது. ஆள் யாரு உக்காந்தாலும் வரும்."

அரங்கமே சிரித்தது. ஏகாம்பரமும் சிரித்தார். அவர் சுரேகா பக்கம் திரும்பக்கூட இல்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். அவர் அதை மனசார நம்பிச் சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. மறுநாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிறைந்த மண்டபத்தில், ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருக்க, அவரை அவள் தோற்கடிக்க வேண்டும். அதற்கு மெஷின் காரணம் என்று ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது.

வீட்டு மாடி அறையில் ஓட்டை லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று கிடைத்ததைச் செய்து காலம் தள்ளினாள். தம்பி வினோத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வேலை முடிந்து வந்தால் கேம்தான் அவனுக்குச் சாமி. இருவரும் சேர்ந்து நல்ல டெஸ்க்டாப் ஒன்று போடுவது என்று முடிவானது. பகலில் அக்காவுக்கு எடிட்டிங், சாயங்காலம் தம்பிக்கு கேம். ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். அப்படியென்றால் உள்ளே எந்த ப்ராசசரை வைப்பது?

மேனாம்பேட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் டில்லிபாபு கவுண்ட்டரில் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தான். ஒன்று இன்டெல், ஒன்று ரைசன். வினோத்தின் கை தானாக ரைசன் டப்பாவுக்குப் போனது.

"மச்சான், இதுக்கு மேல கேமுக்கு ஒண்ணு கெடயாது" என்றான் டில்லிபாபு. "சிப்பு மேலயே மெமரிய அடுக்கி வெச்சிகீறான். கேமுக்கு வேண்டியத எல்லாம் பக்கத்துலயே வெச்சிக்கும், எங்கயும் தேடிகினு ஓடாது. சூடும் கம்மி."

"எடிட்டிங்குக்கு?" என்று இன்டெல் டப்பா மேல் கையை வைத்துக் கேட்டாள் சுரேகா.

"எடிட்டிங்குக்குன்னா இன்டெல்லுதான்க்கா. கோர் ஜாஸ்தி. நாலு வேலைய ஒண்ணா குடுத்தாலும் தாங்கும். அதவுட, இப்போ வர்ற புது கேமரா வீடியோவ அது நேரா பிரிச்சி ஓட்டிரும், அதுக்குன்னு உள்ளயே ஒரு பகுதி கீது. ரைசன்ல அந்த வகைக்கு வழி கெடயாது. மொத்த சிப்பும் மூச்சப் புடிச்சிகினு இழுக்கணும், அப்பவும் நின்னு நின்னுதான் வரும். ஏகாம்பரம் அண்ணாத்தேக்குக்கூட நாந்தான் போட்டுக் குடுத்தேன். இதே இன்டெல்லு."

கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் சுரேகா இன்டெல் டப்பாவிலிருந்து கையை எடுத்தாள்.

எடிட்டருக்கு இன்டெல்தான் சரி என்பது அவளுக்கும் தெரியும். அதை எடுக்கத்தான் கடைக்கே வந்தாள். ஆனால் அவளுடைய மூளை வேறு கணக்குப் போட்டது. இன்டெல்லை வாங்கி ஜெயித்தால் என்ன சொல்வார்கள்? 'அவர் வெச்சிருந்த அதே மெஷின வாங்கிட்டா, ஜெயிச்சிட்டா' என்பார்கள். அவருடையதைவிடப் பெரிதாக வாங்கினால், 'பெரிய மெஷின், வராம இன்னா பண்ணும்?' என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் மெஷின் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். எடிட்டிங்குக்கு ஆகாது என்று தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லும் சிப்பில் உட்கார்ந்து ஜெயித்தால்? அப்போது எந்த வாய் என்ன சொல்லும்?

"ரைசன் போடு" என்றாள்.

"அக்கா, நான் சொன்னது புரிஞ்சிச்சா?" என்றான் டில்லிபாபு.

"புரிஞ்சிதான் சொல்றேன்."

வினோத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காக அக்கா தன் தொழிலையே விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். வழி முழுக்க பைக்கில், "அக்கான்னா நீதான்க்கா" என்று புலம்பிக்கொண்டே வந்தான். சுரேகா அதைத் திருத்தவில்லை. வண்ண விளக்கு எரியும் கேபினட்தான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்தபோதும் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் வினோத்தின் கேம் பறந்தது. சுரேகாவின் வேலை முக்கியது, முனகியது. புதுக் கேமராவின் காட்சிகளைப் போட்டால் மணப்பெண் ஒரு படி ஏறுவதற்குள் திரை நான்கு தரம் நின்றது. ஒவ்வொரு காட்சிக்கும் லேசான நகல் ஒன்று முதலில் எடுத்து, அந்த நகலை வைத்து வெட்டி, கடைசியில் அசலைப் பொருத்த வேண்டும். நகல் எடுக்கவே பாதி நேரம் ஓடிவிடும். அதனால் எல்லாவற்றையும் உள்ளே கொட்டும் பழக்கத்தை விட்டாள். காட்சிகளை கேமராவின் சின்னத் திரையிலேயே பார்த்து, வேண்டியதை மட்டும் பொறுக்கினாள். அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டேதான் செய்தாள். ஒவ்வொரு தரம் திரை நிற்கும்போதும் அந்த அரங்கத்துச் சிரிப்பு காதில் கேட்கும். அது போதும், கை தானாக வேகம் பிடித்துவிடும்.

காத்திருந்த நாள் ஆவணியில் வந்தது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டார் ஒரு வீடியோக்காரரை வைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறொருவரை வைப்பார்கள். சம்பந்திகளுக்குள் மரியாதைப் பிரச்சினை. இப்போது அதிலும் ஒரு புதுசு. காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். காலையில் எடுத்ததை அன்றைக்கே படமாக்கி ரிசப்ஷனில் பெரிய திரையில் போட வேண்டும். ஆவடி மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்து அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கியவர்கள். அவர்கள் சுரேகாவைக் கேட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு ஊட்டுக்கு யாரு?" என்பதுதான். ஏகாம்பரம் ஸ்டுடியோ என்றதும் உடனே ஒத்துக்கொண்டாள்; கேமராவுக்கு ஓர் ஆளையும் பிடித்தாள்.

பகல் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தையே எடிட்டிங்குக்குக் கொடுத்தார்கள்; ராத்திரிச் சாப்பாடு கீழே பஃபே. ஒரு கோடியில் சுரேகா, ஆட்டோவில் கொண்டுவந்த தன் வண்ண விளக்குப் பெட்டியோடு. மறு கோடியில் ஏகாம்பரத்தின் இன்டெல். அதன் முன்னால் புது எடிட்டர் சிவராமன். ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாம்மா, சீரியல் லைட்டு போட்டுகினு வந்துகீறே? திருவிழாவா?"

"ஆமாண்ணே. சாயங்காலம் தேரு" என்றாள் சுரேகா.

சிவராமன் பாவம், கெட்ட பையன் இல்லை. மூன்று கேமராவில் எடுத்ததை முழுசாக உள்ளே கொட்டிவிட்டான். இன்டெல் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்பது போல நின்றது. மெஷின் தயார்; எதை வைப்பது என்பதுதான் அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஏகாம்பரம் பின்னால் நின்று, "அத்த வை, இத்த எடு, மாலை மாத்தறத ஸ்லோ பண்ணு, ட்ரோன் ஷாட்டு எங்க, ட்ரோன் ஷாட்ட போடு" என்று விரட்டினார். சொன்னதையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் அந்த மெஷின் செய்து காட்டியது. செய்து காட்டியதும் அவருக்கே பிடிக்காமல் வேறு சொல்வார். சுரேகா ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டாள். உள்ளுக்குள் இனித்தது என்று சொல்வதற்கு அவள் வெட்கப்படவே இல்லை.

அவளிடம் இருந்தது பொறுக்கி எடுத்த ஒரு கைப்பிடிக் காட்சிகள். ஹோமப் புகை மூக்கில் ஏறி, தாலி ஏறுவதற்குச் சற்று முன்னால், பெண்ணுக்குத் தும்மல் தும்மலாக வந்தது. மாப்பிள்ளை சடங்கையெல்லாம் மறந்து, தன் அங்கவஸ்திரத்தால் அவள் முகத்துக்கு விசிறினான். அய்யர் கையில் தாலித் தட்டோடு காத்திருந்தார். ஏகாம்பரத்தின் ஆட்கள் அதைத் தேவையில்லாத இடம் என்று விட்டிருப்பார்கள். சுரேகா அதை நடுவில் வைத்துச் சுற்றிலும் கல்யாணத்தைக் கட்டினாள். ரைசன் மூச்சு வாங்கியது. "வா, வா, செத்துப்போயிடாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கடைசி வேலையைக் கொடுத்தாள். ரிசப்ஷன் மேளம் கேட்க ஆரம்பித்தபோதுதான் வேலை முடிந்தது.

பெண் வீட்டுப் படம் முதலில் ஓடியது. மாலை, ஸ்லோ மோஷன். மறுபடி மாலை. ட்ரோன் மேலே போய் மண்டபத்து மொட்டை மாடியைச் சுற்றியது. தண்ணீர்த் தொட்டியும், சமையல்காரர்கள் காயப்போட்ட கைலியும் ஆள் உயரத்துக்குத் திரையில் ஆடின. ஜனங்கள் சாப்பிட எழுந்துவிட்டார்கள். ஏகாம்பரம் திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார்.

அப்புறம் சுரேகாவின் படம். முதல் தும்மலுக்கு யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தும்மலுக்கு மண்டபமே சிரித்தது. அங்கவஸ்திரம் விசிறியபோது பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. சாப்பிடப் போனவர்கள் ஐஸ்கிரீம் கப்போடு திரும்பி வந்து நின்றார்கள். தாலி ஏறியதும் திரை கறுத்தது. 'எடிட்டிங்: சுரேகா' என்று பெரிதாக வந்தது. அதை அவள் தேவைக்கு மேலேயே நிறுத்தி வைத்திருந்தாள். படத்தில் வரும் எந்தக் காட்சியைவிடவும் அதுதான் நீளம். பெண்ணின் அப்பாவே எழுந்து நின்று கைதட்டினார், கூடவே, "நம்மளுது ஏன்யா இப்டி வர்ல?" என்று ஏகாம்பரத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். இத்தனை நாள் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று சுரேகாவுக்குத் தோன்றியது.

பெட்டியைக் கட்டி எடுக்க சுரேகா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும், பின்னாலேயே ஏகாம்பரமும் மாடியேறி வந்தார். வருவார் என்று அவளுக்குத் தெரியும். என்ன பேச வேண்டும் என்று எத்தனையோ விதமாக மனசுக்குள் எழுதிப் பார்த்து வைத்திருந்தாள். அந்தச் செருப்புக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாமா, சால்வையிலிருந்து ஆரம்பிக்கலாமா என்பதுதான் பாக்கி. அவர் நேராக அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். கண்ணாடி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னா ப்ராசசர்மா இது?"

சுரேகாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் மெஷின்தானா? இந்தச் சிப்பில் இந்த வேலையைச் செய்ய அவள் பட்ட பாடு கொஞ்சமா? இந்த ஆளுக்கு எதைச் சொல்லியும் ஏறாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்தவுடன் கோபம் இறங்கியது. கோபத்தைவிடத் தித்திப்பான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எழுதி வைத்திருந்த பேச்சையெல்லாம் தூக்கிப் போட்டாள்.

"ரைசன்ணே. கேம் ஆடறவங்க வாங்கறது" என்று உண்மையையே சொன்னாள். மாடலையும் சொன்னாள்.

"எடிட்டிங்குக்கு இது ஒத்து வருமா?"

"நீங்களே கண்ணால பாத்தீங்களே. இதுல ஆள் யாரு உக்காந்தாலும் வரும்."

தன்னுடைய வார்த்தையே திரும்பி வந்து நிற்கிறது என்பதுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. தலையாட்டிக்கொண்டே மாடலைப் போனில் குறித்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே டில்லிபாபுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, ஏகாம்பரம் அண்ணாத்தே வந்தாரு. நான் எவ்ளோ சொல்லிப் பாத்தேன், வேணாம்ணே, உங்க வேலைக்கு இருக்கறதுதான் கரெக்டுன்னு. 'உனுக்கு இன்னா தெரியும், நான் கண்ணால பாத்தேன்'னு கத்தறாரு. மதர்போர்டோட கழட்டி மாத்திகினு போயிட்டாரு. அவரோட இன்டெல்லு நம்ம கடையிலதான் கீது. வேணுமா?"

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று இதைத்தான் சொல்வார்கள். சுரேகா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள். ரைசன் முழுசாக வினோத்துக்கே போனது; அவன் மறுபடி கண் கலங்கினான். டில்லிபாபு அந்த இன்டெல்லைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டான்:

"யாரு வாங்குனாங்கன்னு அண்ணாத்தே கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"கேக்காட்டியும் சொல்லு. எடிட்டிங் சுரேகான்னு சொல்லு."

அடுத்த முகூர்த்தத்துக்குள் சேதி தானாக வந்து சேர்ந்தது. சேக்காட்டு ஸ்டுடியோவில் புதுக் கேமராக் காட்சி எதைப் போட்டாலும் நின்று நின்று வருகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏகாம்பரம் முதலில் கரண்டைத் திட்டினார், பிறகு கேமராவை, பிறகு சிவராமனை. திட்ட யாரும் மிஞ்சாதபோது டில்லிபாபு கடைக்குப் போய், "என் பழசக் குடு" என்று நின்றிருக்கிறார். டில்லிபாபு சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டான்.

அன்று மத்தியானம் சுரேகா மாடி அறையில் உட்கார்ந்து ஒரு பூந்தமல்லிக் கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். மணப்பெண் படி ஏறினாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேஜையில் போன் அடித்தது. திரையில் ஏகாம்பரம் என்று வந்தது. அவள் எடுக்கவும் இல்லை, சத்தத்தை அணைக்கவும் இல்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அது அடித்து ஓயும்வரை முழுசாகக் கேட்டாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கேட்டாள்.